கண்காட்சியில் பிளாஸ்டிக் பேனைக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம்?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வர்த்தகக் கண்காட்சியில் கூடம் போடுகிறவர்கள் பிளாஸ்டிக் பேனை, திறப்புக்கோர்வை, பொலித்தீன் பை மூன்றையும் முதலில் அன்பளிப்புப் பட்டியலிலிருந்து வெட்டுங்கள். சந்தைக்குக் கொண்டுபோகக்கூடிய துணிப்பைதான் எங்கள் முதல் தெரிவு.

மருதமுனைக் கைத்தறித் துணியைப் பருத்தியாகவே கேட்டு வாங்குங்கள். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும். நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். காய்ந்தபின் 90 சென்ரிமீற்றர் அகலம் இருந்தால், 90 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு பை வரும். 38 × 90 அளவில் இரண்டு துண்டு. மிஞ்சும் 14 சென்ரிமீற்றர் பட்டையில் 7 × 45 அளவில் நான்கு கைபிடி. 100 பைக்குக் கணக்கு 45 மீற்றர், வாங்குவது 50 மீற்றராக இருக்கட்டும். பை அநேகமாகக் கிழிவது கைபிடி சேரும் இடத்தில்தான். அங்கே சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைக்கச் சொல்லுங்கள். உங்கள் நிறுவனப் பெயரைச் சிறிதாக அச்சிடுங்கள். கண்காட்சித் திகதி போட்டால் அடுத்த மாதமே பை பழசாகிவிடும்.

செலவு கட்டாதென்றால் விதைப் பொட்டலம். பழுப்புக் காகித உறையில் 10 வெண்டி விதை போதும். 20 விதையை ஈரத்துணியில் சுற்றி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். 15க்குக் குறைவாக முளைத்தால் கொடுக்காதீர்கள். மருந்து பூசிய நிற விதை பிள்ளைகள் கைக்குப் போகவே கூடாது. மாரியில் காகிதம் ஈரம் இழுக்கும், மூடிய தகர டின்னில் வையுங்கள். பனையோலைப் பெட்டி அழகுதான், ஆனால் அந்த நாட்களில் பூஞ்சணம் பிடிக்கும்.

எதையும் மேசையில் குவிக்காமல், நின்று பேசியவருக்குக் கையில் கொடுங்கள்.