நாய் லீஷை இழுக்காமல் நடக்கப் பழக்குவது எப்படி?

நாய் லீஷை, அதாவது நடக்கக் கூட்டிப்போகும்போது நாம் பிடித்துக்கொள்ளும் வாரை, இழுப்பது திமிரினால் அல்ல. உங்களை அடக்கி ஆளும் ஆசையினாலும் அல்ல. இழுத்தால் போக வேண்டிய இடம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். மரத்தடியில் ஏதோ வாசனை. நாய் இழுக்கிறது. பிடித்திருப்பவர் இரண்டு எட்டு கூடவே போகிறார். வாசனை கிடைத்துவிட்டது. ஒரே நடையில் இப்படி ஐம்பது தடவை நடந்தால், இழுக்கச் சொல்லி ஐம்பது தடவை பாடம் எடுத்ததாகக் கணக்கு. போதாததற்கு, நம் நடை நாய்க்கு மந்தம். மனிதர்கள் சாதாரணமாக மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறோம். நடுத்தர உயரமுள்ள நாயின் இயல்பான துள்ளுநடை அதைவிட வேகமானது. நம்மோடு நிதானமாக நடப்பது அதற்குத் தானாக வராது, பழக்கித்தான் வர வேண்டும்.

பழக்க வேண்டியவை இரண்டு. லீஷ் இறுகினால் ஓரடிகூட நகர முடியாது என்பது ஒன்று. நம் காலருகே நடந்தால் நல்லது கிடைக்கும் என்பது இன்னொன்று. பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு, ‘நின்று நின்று பார்த்தாகிவிட்டது, கேட்கவே மாட்டேன் என்கிறது’ என்று சலித்துக்கொள்கிறார்கள். உண்மையில் முக்கால்வாசி வேலை இரண்டாவதில்தான் இருக்கிறது.

என்னென்ன வேண்டும்

லீஷ் 1.8 முதல் 2 மீட்டர் நீளத்தில், நைலானிலோ தோலிலோ இருக்கட்டும். இரும்புச் சங்கிலி வேண்டாம். அதன் கனமே எப்போதும் கழுத்தைக் கீழே இழுப்பதால், தளர்ச்சிக்கும் இறுக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் நாய்க்கு எளிதில் புரியாது. பட்டனை அழுத்தினால் நீண்டு சுருளும் லீஷும் இந்த வேலைக்கு ஆகாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எந்நேரமும் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். நாய் பலமாக இழுத்தால் லீஷ் இன்னும் நீளும். நாம் சொல்லித்தர நினைப்பதற்கு நேர் எதிரான பாடம் அது.

கழுத்துப் பட்டையைவிட, மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னெஸ் நல்லது. மார்பில் ‘ஒய்’ எழுத்துபோலப் பிரிந்து, தோள்பட்டை அசைவைத் தடுக்காத வடிவமாகப் பாருங்கள். முதுகில் ஒரு வளையமும் நெஞ்சில் ஒரு வளையமும் இருக்க வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைந்தால் அளவு சரி. அக்குளில் உரசினால் இரண்டே நாளில் முடி உதிர்ந்து தோல் சிவக்கும். பிறகு ஹார்னெஸைக் கண்டாலே நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும். நெஞ்சு வளையத்தில் லீஷை மாட்டினால், நாய் இழுக்கும்போது அதன் உடம்பு பக்கவாட்டில் நம் பக்கம் திரும்பும், இழுப்பின் பலம் சிதறிவிடும். முதுகு வளையம் மட்டும் உள்ள ஹார்னெஸ் இழுப்பதற்கு மிகச் சௌகரியமானது. பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்குப் பின்னாலிருந்துதான் கயிறு கட்டுவார்கள்.

கழுத்துப் பட்டையில் இழுத்தால் மூச்சுக்குழாய் அழுந்தும், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் கூடும். பொமரேனியன் போன்ற சிறிய இனங்களுக்கும், பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கும் இது ஆபத்து. இறுக்கும் சங்கிலியும் முள் பட்டையும் இழுப்பைச் சட்டென்று நிறுத்திக் காட்டும் என்பது உண்மை. ஆனால் கழுத்து வலிக்கும் அந்த நொடியில் எதிரே தெரிவது இன்னொரு நாயோ ஒரு குழந்தையோதான். வலியை நாய் அவர்கள் கணக்கில் எழுதிக்கொள்ளும். நேற்றுவரை வாலாட்டிக்கொண்டு இழுத்த நாய், அடுத்த மாதம் உறுமிக்கொண்டு இழுக்கும்.

பரிசாகக் கொடுக்கும் தின்பண்டமான ட்ரீட் பட்டாணி அளவில் மிருதுவாக, ஒரே நொடியில் விழுங்கக்கூடியதாக இருக்கட்டும். கடித்து மெல்லும் பிஸ்கட் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் நடை நிற்கும். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி பெரும்பாலான நாய்களிடம் வேலை செய்யும். ஆரம்பத்தில் ஒரு பயிற்சிக்கு 50, 60 துண்டு செலவாகும்; கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அன்றாடத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்குமேல் ட்ரீட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீறும்போல் இருந்தால் அன்றைய சாப்பாட்டிலிருந்தே ஒரு பகுதியை எடுத்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். துண்டுகளை இடுப்பில் கட்டும் சிறு பையில் போடுங்கள். பேன்ட் பாக்கெட்டில் துழாவி எடுப்பதற்குள், எதற்காகக் கொடுக்க வந்தீர்களோ அதை நாய் மறந்திருக்கும்.

முதலில் வீட்டுக்குள், லீஷ் இல்லாமல்

‘நீ இப்போது செய்தது சரி’ என்று சொல்ல ஒரு குறிச்சொல் வேண்டும். ‘சரி’ என்ற சொல்லையே வைக்காதீர்கள். வீட்டில் போனில் பேசும்போதெல்லாம் நூறு தடவை சொல்லும் சொல் அது. ‘யெஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லலாம், நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கலாம். குறிச்சொல், உடனே ட்ரீட்: இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. சொல் முதலில், கை அசைவது அதற்குப் பிறகு. கை முதலில் பைக்குள் போனால், நாய் உங்கள் சொல்லைக் கேட்காது, கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நாய் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். இடப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அறைக்குள் சும்மா நடங்கள். நாய் இடது காலருகே வந்த நொடியில் குறிச்சொல். இடது கையால் ட்ரீட். அதை எங்கே கொடுக்கிறீர்கள் என்பதுதான் இந்த மொத்தப் பயிற்சியின் உயிர்நாடி. பேன்ட்டின் பக்கத் தையல் ஓடுகிறதே, அதில் உங்கள் கையின் பின்புறம் உரசும்படி வைத்து, நாயின் மூக்கு உயரத்தில் கொடுங்கள். நாய் தலையைத் திருப்பாமல் நேராக முன்னே பார்த்தபடி வாங்க வேண்டும். வலது கையால் குறுக்கே நீட்டினால், ட்ரீட்டைத் தேடி நாய் உங்கள் முன்னால் வரும். மூன்றாவது நாள் அதன்மேல் தடுக்கி விழுவீர்கள். முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால்தான் நடக்கும். நாய் எந்த இடத்தில் வாங்கித் தின்கிறதோ, அந்த இடத்தில்தான் நடக்கும்.

முதலில் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு துண்டு. பிறகு இரண்டு எட்டுக்கு, மூன்று எட்டுக்கு என்று தள்ளிக்கொண்டே போங்கள். ஆனால் ஏணிபோல ஏறிக்கொண்டே போக வேண்டாம்: 3, 1, 5, 2, 7, 1 என்று கலந்து கொடுங்கள். எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் நாய் விடாமல் கூடவே வரும். ஒரு தடவைக்கு 5 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும். எட்டு வாரக் குட்டிக்கும் இதை வீட்டுக்குள் தொடங்கலாம். தெருவுக்கு எப்போது கூட்டிப்போகலாம் என்பதை, தடுப்பூசி நிலவரத்தைப் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்வார்.

லீஷ் மாட்டிய பிறகு

பிடிக்கும் முறை முக்கியம். லீஷின் கைப்பிடி வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மிச்சத்தை அந்தக் கையிலேயே மடித்து, முஷ்டியைத் தொப்புளருகே வைத்துக்கொள்ளுங்கள். நாய் இடப்பக்கம் என்றால் லீஷ் வலது கையில். கையைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொள்ளாதீர்கள். பெரிய நாய் திடீரென்று பாய்ந்தால் விரல் எலும்பு முறியும். கைக்கும் நாய்க்கும் நடுவே லீஷ் தொய்ந்து தொங்கி, அதை ஹார்னெஸில் மாட்டும் கொக்கி கீழ்நோக்கி ஆட வேண்டும். கொக்கி மேலெழும்பிப் படுக்கைவசமானால், இழுப்பு தொடங்குகிறது என்று அர்த்தம். நாயின் தலையைவிட அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் அரை நொடி முன்னாலேயே தெரிந்துவிடும்.

வெளியே போகும் முன் இன்னொரு சிறு பாடம் இருக்கிறது. வீட்டுக்குள் நின்றபடி, லீஷை மெல்ல, நூல் விறைக்கும் அளவுக்கு மட்டும் ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்துக் காத்திருங்கள். வெட்டி இழுக்காதீர்கள், கூப்பிடாதீர்கள். நாய் முதலில் எதிர்ப்பக்கம் சாயும், அது இயல்பு. கொஞ்ச நேரத்தில் உங்கள் பக்கம் உடம்பைத் தளர்த்தும். லீஷ் தொய்ந்த கணத்தில் குறிச்சொல், ட்ரீட். இடம், வலம், பின்னால் என்று பத்துப் பத்துத் தடவை. லீஷ் இறுகினால் அதன் பக்கம் போனால் விடும் என்று நாய்க்கு உடம்பில் பதிந்துவிட்டால், தெருவில் நீங்கள் நிற்கும்போது அது குழம்பாது.

இனி தெருவில். இழுத்ததும் நில்லுங்கள். பின்னால் இழுக்க வேண்டாம், அதட்ட வேண்டாம். கையை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். நாய் திரும்பிப் பார்த்தாலோ ஓரடி பின்வாங்கினாலோ லீஷ் தொய்யும். குறிச்சொல் சொல்லி, அது உங்கள் காலருகே வந்த பிறகு நடையைத் தொடருங்கள்.

பலர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். திரும்பி வந்ததும் கையில் ட்ரீட் கொடுத்தால், நாய் ஒரு முழுச் சங்கிலியையே கற்றுக்கொள்ளும்: முன்னே ஓடு, இறுக்கு, திரும்பி வா, தின்னு, மறுபடி ஓடு. பார்ப்பதற்குக் கீழ்ப்படிவதுபோலத் தெரியும், இழுப்பு மட்டும் குறையவே குறையாது. முதல் சில தடவை, பாடம் புரிவதற்காகக் கொடுக்கலாம். அதன்பின், திரும்பி வந்ததற்குப் பரிசு நடை தொடர்வது மட்டும்தான். ட்ரீட் வேண்டுமென்றால் ஐந்தாறு எட்டு தொய்ந்த லீஷோடு நடந்த பிறகு. அதைவிட முக்கியம், நாய் இழுக்காமல் வரும்போது மறக்காமல் கொடுப்பது. ஒழுங்காக நடக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இழுத்தபோது மட்டும் கவனிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

எதிரே மிகவும் பிடித்த ஒன்று இருந்தால், ஒரு மரமோ தெரிந்த ஆளோ, வெறுமனே நிற்பது போதாது. 10 மீட்டர் தள்ளித் தொடங்குங்கள். இறுகியதும் திரும்பித் தொடங்கிய இடத்துக்கே வாருங்கள், மறுபடி முயலுங்கள். இழுத்தால் அந்தப் பொருள் விலகிப் போகிறது, தளர்ந்து நடந்தால் நெருங்கி வருகிறது. முதல் நாள் எட்டுப் பத்துத் தடவை திரும்ப வேண்டியிருக்கலாம். போய்ச் சேர்ந்ததும் ஆசைதீர மோந்து பார்க்க விடுங்கள்.

மோப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாய் வெளியே வருவதே மோந்து பார்க்கத்தான். அதைத் தடுத்துப் பழக்க நினைப்பது வீண். கூலியாகக் கொடுப்பதே புத்திசாலித்தனம். இருபது எட்டு ஒழுங்காக நடந்தால், ‘போ’ என்று சொல்லி, லீஷைத் தளர்த்தி, புதர் பக்கம் நீங்களும் கூடவே போங்கள். ட்ரீட்டை மூக்கில் வைத்தாலும் பார்க்காத நாய்கள் உண்டு. அவற்றுக்கு இதுதான் சம்பளம்.

எல்லா நாளும் பயிற்சிக்கு நேரம் இருக்காது. காலையில் சிறுநீர் கழிக்க ஓடும்போது பத்து எட்டுக்கு ஒருமுறை நிற்க முடியாது. அதற்கு இரண்டு வளையமும் உதவும். பயிற்சி என்றால் நெஞ்சு வளையம். அவசரம் என்றால் முதுகு வளையம், அப்போது இழுத்தாலும் கண்டுகொள்ள வேண்டாம். எந்த வளையம் என்பதை வைத்தே எந்த விதி என்று நாய் பிரித்துக்கொள்ளும். ஒரே வளையத்தில் ஒரு நாள் நிற்பதும் ஒரு நாள் விட்டுக்கொடுப்பதும்தான் கெடுதல். எப்போதாவது பலிக்கிற இழுப்பு, எப்போதும் பலிக்கிற இழுப்பைவிட மறக்கக் கடினமானது. வீட்டில் யார் கூட்டிப்போனாலும் இதே விதிதான்.

இடத்தை மாற்றும்போது அளவுகோல் இது: பத்து வாய்ப்பில் எட்டு சரியாக வந்தால் அடுத்த இடம், ஐந்துகூட வரவில்லை என்றால் முந்தைய இடம். கூடம், மாடி, ஆளில்லாத தெரு, ஆள் நடமாட்டமுள்ள தெரு என்று போகலாம். புது இடத்தில் பழையபடி ஒவ்வொரு எட்டுக்கும் ட்ரீட் என்று தொடங்குங்கள்.

சறுக்கும் இடங்கள்

வாசலிலேயே துள்ளினால் பயிற்சி அங்கிருந்தே தொடங்குகிறது. நான்கு காலும் தரையில் இருந்தால்தான் கொக்கி மாட்டுவது; குதித்தால் லீஷைக் கீழே வைத்துவிடுவது. நாள் முழுக்க அடைந்து கிடந்த நாயானால், கிளம்பும் முன் ஐந்து நிமிடம் கயிறு இழுக்கும் விளையாட்டு விளையாடிவிட்டுப் போங்கள்.

இன்னொரு நாயைக் கண்டதும் ட்ரீட்டைத் தொடவே மறுத்தால், நீங்கள் அளவுக்குமேல் நெருங்கிவிட்டீர்கள். தின்ன ஆரம்பிக்கும் தூரம்வரை பின்வாங்கி, நேருக்கு நேர் போகாமல் வளைந்து கடந்து போங்கள். குரைத்துப் பாய்வது பெரும்பாலும் பயத்தினாலோ கோபத்தினாலோ வருவது. அதற்குப் பயிற்சி வேறு, நின்றுகொண்டிருப்பதால் சரியாகாது.

லீஷைக் கடித்து விளையாடும் குட்டியிடம் லீஷைப் பறிக்கப் போராடாதீர்கள், அதற்கு அதுதான் வேடிக்கை. கையைத் தளரவிட்டு, தரையில் இரண்டு துண்டு ட்ரீட் போட்டால் வாயிலிருந்து தானாக விழும். இரண்டு நாய் இருந்தால் தனித்தனியாகப் பழக்கி முடித்த பிறகே சேர்த்து நடத்துங்கள்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை, நன்றாக நடந்த நாயும் திடீரென்று எல்லாம் மறந்ததுபோல இழுக்கும். பதின்வயதுக் கோளாறு அது. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்குத் திரும்பி, ட்ரீட்டைக் கூட்டி, இரண்டு வாரம் ஓட்டுங்கள். ஆனால் நன்றாகப் பழகிய வளர்ந்த நாய் நடக்க மறுத்தாலோ, பின்தங்கினாலோ, ஒரு பக்கமாகவே சாய்ந்து இழுத்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டுப் பாதங்களைப் பாருங்கள்: முள், நகவெடிப்பு, சூட்டுக் கொப்புளம். புறங்கையை 7 நொடி தார்ச்சாலையில் வைக்க முடியவில்லை என்றால் நாயும் அதில் நடக்கக் கூடாது. பாதத்தில் எதுவும் இல்லாவிட்டால் இடுப்போ மூட்டோ வலிக்கலாம். கால்நடை மருத்துவரிடம் போகும்போது அது நடக்கும் விதத்தைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் போனில் படம்பிடித்துக்கொண்டு போங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்தால் பதற்றத்தில் பல நாய்கள் நொண்டாமலே நடந்துவிடும்.