ஆஸ்திரேலியச் சிற்றூரில் களப்பயிற்சி: புதிதாக வரும் சமூகப்பணி மாணவர்களுக்கு

ஆஸ்திரேலியாவுக்குச் சமூகப்பணி முதுகலை படிக்க வரும் நம் ஆட்கள் பெரும்பாலும் சிட்னியிலோ மெல்போர்னிலோதான் வந்து இறங்குகிறார்கள். களப்பயிற்சிக்கு இடம் ஒதுக்கும்போது பல்கலைக்கழகம் தொலைதூரச் சிற்றூர் ஒன்றின் பெயரைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. தெரிந்தவர்கள், பகுதிநேர வேலை, தமிழ்க்கடை எல்லாம் நகரத்தில் இருக்கும்போது அது இயல்புதான். ஆனாலும் நான் சொல்வேன்: வாய்ப்பு வந்தால் விடாதீர்கள், வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். நகரத்து மருத்துவமனையில் ஒரு வார்டை மட்டும் பார்ப்பீர்கள். சிற்றூரில் ஒரே குடும்பத்தின் வாடகைப் பாக்கி, பாட்டியின் டயாலிசிஸ், பள்ளிக்குப் போக மறுக்கும் பையன் என்று எல்லாமே ஒரே வாரத்தில் உங்கள் மேசைக்கு வரும். நான் பயிற்சி செய்தது நியூ சவுத் வேல்ஸின் தூர மேற்கில், புரோக்கன் ஹில் பக்கம். அதை வைத்தே எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் விதிகள் கொஞ்சம் மாறும்.

ஆஸ்திரேலியச் சமூகப்பணியாளர் சங்கம் அங்கீகரித்த படிப்பில் மொத்தம் 1,000 மணி நேரக் களப்பயிற்சி உண்டு. அதைக் குறைந்தது இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். பொதுவாக ஐந்நூறு ஐந்நூறாகப் பிரிப்பார்கள். முழுநேரமாகச் செய்தால் ஒன்று ஏறக்குறைய 14, 15 வாரம் வரும். சென்னையிலோ திருச்சியிலோ படித்தவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் களப்பணி பழக்கமாகியிருக்கும். முழுநேரப் பயிற்சி என்றால் இங்கே ஊழியர் போலவே தினமும் ஆஜராக வேண்டும். மேற்பார்வையாளர் தகுதி பெற்ற சமூகப்பணியாளராக இருக்க வேண்டும் என்பது விதி. சிறிய அலுவலகங்களில் அப்படி ஒருவர் இல்லாமல் போவது சகஜம். அப்போது பல்கலைக்கழகம் வெளியிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்யும். அவர் வீடியோ அழைப்பில் பேசுவார். அவர் யார், எந்த நாளில் பேசுவார் என்று கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புரோக்கன் ஹில்லில் அடிலெய்ட் நேரம்தான், சிட்னிக்கு அரை மணி பின்னால். அழைப்பு எந்த ஊர் நேரத்தில் என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

காகித வேலையை இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. காவல்துறைச் சான்றும், குழந்தைகளோடு பணியாற்றுவதற்கான 'வொர்க்கிங் வித் சில்ட்ரன்' அனுமதியும் வேண்டும். இரண்டாவதற்கு மாணவர் பயிற்சி என்று விண்ணப்பித்தால் கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனை என்றால் தடுப்பூசி ஆவணங்களும், நாம் பிறந்த நாட்டை வைத்துக் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பார்கள். அம்மா பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் அந்தப் பழைய தடுப்பூசி அட்டை இங்கே நிஜமாகவே உதவும்.

பணம்தான் பெரிய கவலை. களப்பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. 2025 ஜூலை 1 முதல் அரசு தருகிற பயிற்சிக்கால உதவித்தொகையில் சமூகப்பணி மாணவர்களும் உண்டு, ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இல்லை. பக்கத்து நாற்காலியில் அதே வேலையைச் செய்யும் உள்ளூர் மாணவருக்குக் கிடைப்பது நமக்குக் கிடைக்காதது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்ய விசா இடம் தருகிறது. படிப்பின் கட்டாயப் பகுதியாகப் பதிவான களப்பயிற்சி அதில் சேராது. சட்டப்படி இரண்டையும் செய்யலாம்தான். ஆனால் பகல் முழுக்கப் பிறர் துயரம் கேட்டுவிட்டு இரவு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் பார்த்தால் சில வாரங்களில் சோர்ந்துபோவீர்கள். மூன்று மாதச் செலவை முன்பே சேர்த்து வையுங்கள், நகரத்து அறையை வீட்டுக்காரர் சம்மதத்தோடு வேறொருவருக்கு விடுங்கள். புரோக்கன் ஹில்லில் சிட்னி பல்கலைக்கழகத்தின் கிராமப்புறச் சுகாதாரத் துறை 1997 முதல் இயங்குகிறது. நாட்டின் பல பகுதிகளில் உள்ள இத்தகைய துறைகள் மாணவர்களுக்குக் குறைந்த செலவில் தங்குமிடம் தருவதுண்டு. உங்களுக்குக் கிடைக்குமா என்று களக்கல்வி ஒருங்கிணைப்பாளர் வழியாகச் சீக்கிரம் விசாரியுங்கள். அப்புறம், களப்பயிற்சியை மட்டும் சிற்றூரில் செய்தாலே நிரந்தர வதிவுரிமைக்கு (பி.ஆர்.) 'ரீஜனல்' புள்ளி, அதாவது பெருநகரத்துக்கு வெளியே படித்ததற்கான புள்ளி, வரும் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிட்னியிலிருந்து புரோக்கன் ஹில் 1,100 கிலோமீட்டருக்கு மேல். நேர் ரயில் வாரம் ஒன்று. வண்டி ஓட்டத் தெரிந்திருந்தால் நல்லது. தற்காலிக விசாவில் இருப்பவர்களும் இந்த மாநிலத்தில் ஆறு மாதத்துக்குள் உள்ளூர் உரிமம் எடுத்தாக வேண்டும். இந்திய, இலங்கை உரிமம் வைத்திருந்தாலும் தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். மாலை மங்கிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள்: கங்காருவும் ஈமுவும் திடீரென்று குறுக்கே பாயும். வண்டியில் எப்போதும் தண்ணீர் வையுங்கள், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ஊரைத் தாண்டியதும் பல இடங்களில் சிக்னல் இருக்காது.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். இது பார்க்கிண்ட்ஜி என்ற பூர்வகுடி மக்களின் மண். டார்லிங் ஆற்றை அவர்கள் பார்க்கா என்கிறார்கள். நிலவுரிமைக்காக 18 ஆண்டுகள் வழக்காடி 2015 ஜூனில் அவர்கள் தீர்ப்புப் பெற்றார்கள். வில்கன்னியா, மெனிண்டி போன்ற ஆற்றோர ஊர்களுக்குப் போகுமுன் இன்னொரு வரலாற்றையும் படித்துவிட்டுப் போங்கள். பூர்வகுடிப் பிள்ளைகளை நீதிமன்ற உத்தரவே இல்லாமல் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அதிகாரம் இந்த மாநிலத்தில் 1915-இல் ஒரு வாரியத்துக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வாரியம் 1940-இல் 'வெல்ஃபேர் போர்டு' என்று பெயர் மாறி 1969 வரை நீடித்தது. இப்படிப் பிள்ளைகளைப் பிரித்ததற்காக அன்றைய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13 அன்று. அந்த வாரியக் காலத்தில் பிரிக்கப்பட்ட பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். கழுத்தில் அடையாள அட்டையோடு அவர்கள் வாசலில் நிற்கும் உங்களை அவர்கள் அந்த நினைவோடுதான் பார்ப்பார்கள். அதில் தவறே இல்லை.

அதனால் முதல் வாரங்களில் படிவத்தை எடுக்காதீர்கள். பூர்வகுடிச் சக ஊழியரோடு சேர்ந்து போங்கள், திண்ணையில் உட்காருங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள். எந்த ஊர், உன் ஆட்கள் யார் என்று கேட்பார்கள். 'இந்தியா' என்று ஒரே சொல்லில் முடிக்காமல் உங்கள் ஊர், அதன் ஆறு, தாத்தா என்ன தொழில் செய்தார் என்று சொல்லுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். பேச்சு நடுவே மௌனம் வந்தால் நிரப்ப அவசரப்பட வேண்டாம். பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று அழைப்பது இங்கேயும் மரியாதைதான், ஆனால் எப்படி அழைக்கலாம் என்று முதலில் கேளுங்கள். ஒரு சாவு விழுந்தால் சமூகமே 'சாரி பிசினஸ்' என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடும். சந்திப்புகள் தள்ளிப்போகும், இறந்தவர் பெயரைச் சொல்வதைத் தவிர்ப்பார்கள். உங்கள் மணிக்கணக்கு அப்போது காத்திருக்கட்டும். நாங்களும் காலனி ஆட்சியில் இருந்தவர்கள்தான் என்று முந்திக்கொண்டு சொல்லவும் வேண்டாம். ஈழத்திலிருந்து நிலம் இழந்து வந்தவர்களுக்குப் பகிர ஏதோ ஒன்று இருக்கும், கேட்டால் சொல்லுங்கள்.

குழந்தைக்குக் கடுமையான ஆபத்து என்று சந்தேகித்தால் தெரிவிப்பது நம் தொழிலுக்குச் சட்டக் கடமை. மாநிலக் குழந்தைகள் பாதுகாப்பு எண் 132 111. மாணவராக நீங்கள் தனியே முடிவெடுக்காமல் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே குடும்பத்துக்கு விளக்கிவிடுவதுதான் நேர்மை.

காலையில் அழுதுகொண்டே பேசியவரை மாலையில் சூப்பர்மார்க்கெட் வரிசையில் பார்ப்பீர்கள். அவர் தலையசைத்தால் நீங்களும் அசையுங்கள், முந்த வேண்டாம். மருத்துவமனையிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்யும் நம் ஊர்க் குடும்பங்கள் உங்களைச் சாப்பிட அழைப்பார்கள், மகிழ்ச்சியாகப் போங்கள். ஆனால் வேலையில் பார்த்த யாரைப் பற்றியும் அந்த மேசையில் வாய் திறக்காதீர்கள். தமிழ் பேசும் ஒருவரே உதவி தேடி வந்தால், தமிழ் தெரியும் என்பதற்காக உங்களை மொழிபெயர்ப்பாளராக்க விடாதீர்கள். அரசின் மொழிபெயர்ப்புச் சேவை 131 450-இல் கிடைக்கும்.

தனிமை கடிக்கும் இரவுகளில் குயின்ஸ்லாந்தின் பிலோவீலாவை நினைத்துக்கொள்வேன். இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச்சில் விடியுமுன் வந்து அதிகாரிகள் தடுப்புக் காவலுக்குக் கூட்டிப்போனபோது, இறைச்சி ஆலையும் மாட்டுப் பண்ணைகளும் உள்ள அந்தச் சிற்றூர் நான்கு ஆண்டுகள் அவர்களுக்காகப் போராடி 2022 ஜூனில் திரும்ப அழைத்துவந்தது. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஏஞ்சலா ஃபிரெடெரிக்ஸ் சமூகப்பணியாளர்.

பயிற்சி முடியும் தேதியை முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். இந்த ஊர்கள் வந்து வந்து போன ஊழியர்களை நிறையப் பார்த்துச் சலித்தவை. கடைசி இரண்டு வாரத்தில் ஒவ்வொரு குடும்பத்தையும் நேரில் பார்த்து, அடுத்து யார் வருவார் என்று பெயர் சொல்லி, முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கான நேரத்தைத் தொடக்கத்திலேயே உங்கள் கற்றல் திட்டத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.