இடது கை முதலில் நடக்கட்டும்: பூகி வூகி பியானோ பழக

எங்களுக்கு நெய்யூர் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பதினைந்து வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். பாமாலையும் கீர்த்தனையும் கைக்குள் வந்த பிறகு பூகி வூகி என்ற துள்ளலான அமெரிக்கப் பியானோ இசை மேல் ஆசை வந்தது. வலது கையில் வரும் மின்னல் துணுக்குகளைத்தான் முதலில் பிடித்தேன். ஒரு வருடம் போனது, பாட்டு மட்டும் ஓடவே இல்லை. தனியாக ஒரு பியானோவில் வாசிக்கிற இசை இது. டிரம்ஸும் பேஸும் உங்கள் இடது கைதான். அதனால் முதல் ஒரு மாதம் வலது கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டில் ஸ்டைல், ரிதம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன் பக்கமே போகவேண்டாம். பியானோ டோன் போதும், 61 கட்டையும் போதும்.

நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே உள்ள சி-யில் சுண்டுவிரல். ஜி-யில் ஆள்காட்டி விரல், ஏ-யில் கட்டைவிரல். சி-யையும் ஜி-யையும் சேர்த்து இரண்டு அடி, சி-யையும் ஏ-யையும் சேர்த்து இரண்டு அடி. இதையே திரும்ப ஒரு முறை வாசித்தால் எட்டு அடி, ஒரு பார் முடிந்தது.

இனிதான் முக்கியமான இடம். எட்டு அடியும் சம இடைவெளியில் விழுந்தால் தையல் மெஷின் சத்தம்தான் வரும். நம்மூர்க் கணக்கில் சொன்னால் இது திஸ்ர நடை, ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரிப்பது. வாயால் தகிட தகிட என்று சொல்லுங்கள். 'த'வில் ஒரு அடி, 'ட'வில் ஒரு அடி, 'கி'யில் கை சும்மா இருக்கவேண்டும். ஒரு தகிடவுக்கு இரண்டு அடி, நான்கு தகிட ஒரு பார். அந்த 'கி'யின் மௌனத்தில்தான் ஆட்டம் இருக்கிறது. தாளம் தட்டும் மெட்ரோனோமை 60-இல் (நிமிடத்துக்கு 60 தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு தகிட) வைத்துத் தொடங்குங்கள். தோளைத் தூக்கவேண்டாம், மணிக்கட்டு தளர்ந்திருக்கட்டும். முன்கை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் பன்னிரண்டு பார் சுற்று. சி-யில் நான்கு, எஃப்-இல் இரண்டு, மறுபடி சி-யில் இரண்டு, ஜி ஒன்று, எஃப் ஒன்று, கடைசியில் சி இரண்டு. எஃப்-க்கும் ஜி-க்கும் கை அப்படியே கீழே நகர்ந்தால் போதும், விரல் அமைப்பு மாறாது.

இடது கை தயாரா என்று எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் அது சமையலறையிலிருந்துதான் தெரிந்தது. ஒருநாள் ஐந்தாவது பாரில் எஃப்-க்கு இறங்கும்போது அம்மா, "மக்களே, மீன் குழம்புக்கு மாங்கா போடவா, புளி போடவா?" என்று கேட்டார்கள். "மாங்கா போடுங்கம்மா" என்றேன். கை நிற்கவில்லை. அன்றைக்குத்தான் வலது கையைத் தூக்கினேன். நீங்களும் வீட்டில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

வலது கைக்கு ஒரே ஒரு வித்தை போதும். பூகி வூகிக்குத் தாய்வீடான ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டைப் பாடுபவர்கள் ஈ ஃப்ளாட்டுக்கும் ஈ-க்கும் நடுவே ஒரு சுரத்தைத் தொடுவார்கள். நம் கமகம் போல. வீணையில் கம்பியை இழுத்தால் அது கிடைத்துவிடும், பியானோவில் கிடைக்காது. அதனால் ஈ ஃப்ளாட் என்ற கறுப்புக் கட்டையில் விரலை வைத்து, அதே விரலை ஈ என்ற வெள்ளைக் கட்டைக்கு வழுக்கி இறக்குங்கள். மேலே ஜி-யும் கூடவே ஒலிக்கட்டும். இந்த உரசல்தான் ப்ளூஸின் வாசனை. இரண்டு பார் இப்படி வாசித்தால் அடுத்த இரண்டு பார் வலது கை சும்மா இருக்கட்டும். சபையில் ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவதுபோல, இடது கை பதில் சொல்லும்.

கேட்பதற்கு ஜிம்மி யான்சியில் தொடங்குங்கள். சிகாகோவில் பேஸ்பால் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். நிதானமாக, இடம் விட்டு வாசிப்பார். வேகமானவர்களிடம் அப்புறம் போகலாம்: 1938 டிசம்பரில் நியூயார்க் கார்னெகி ஹால் மேடையில் வாசித்த ஆல்பர்ட் அம்மன்ஸ், பீட் ஜான்சன், மீட் லக்ஸ் லூயிஸ். லூயிஸ் 1927-இல் பதிவு செய்த ஒரு வாசிப்பு முழுக்க முழுக்க ரயில்தான். இரணியலில் நின்று கிளம்பும் பாசஞ்சர் வண்டியைக் கவனித்துவிட்டு அதைக் கேளுங்கள். வேகம் ஏறும்போதும் தாளம் குலையாது.

இரண்டு கையும் சேர்ந்த பிறகு ஒரு சுற்றை போனில் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்கள். பெரும்பாலும் ஐந்தாவது பாரில்தான் தட்டும், எஃப்-க்கு இறங்கும் அவசரத்தில் அந்த 'கி' காணாமல் போயிருக்கும். நான்காவது பாரையும் ஐந்தாவது பாரையும் மட்டும் தனியாக எடுத்து, வலது கை இல்லாமல், மறுபடி 60-இல் இருந்து வாசியுங்கள்.