டீப் பீம் ஷியர்: ரிங்கை அப்புறம் பாருங்க, முதல்ல கம்பி முனை

ஸ்டில்ட் பார்க்கிங்ல கார் திரும்ப இடம் வேணும்னு நடுப் பில்லரை எடுத்துட்டு, மேல வர்ற பில்லரை பீம் மேலயே நிக்க வைக்கிறது சென்னையில சகஜம், அந்த பீம் பல சமயம் டீப் பீமா, அதாவது நீளத்தோட ஒப்பிட்டா உயரம் ரொம்ப அதிகமான பீமா, வந்து நிக்கும். இந்திய கான்கிரீட் விதிமுறை ஐஎஸ் 456:2000 படி ஸ்பானை (சப்போர்ட்டுக்கு சப்போர்ட் தூரம்) மொத்த டெப்த்தால (பீமோட உயரம்) வகுங்க, சிம்ப்ளி சப்போர்ட்டடுக்கு (ரெண்டு முனையில மட்டும் உக்காந்த பீம்) 2க்குக் கீழ, கன்டினியூவஸ்க்கு (பல பில்லர் மேல தொடர்ந்து போற பீம்) 2.5க்குக் கீழ வந்தா டீப் பீம்தான்.

பெயின்டரோட ஏ டைப் ஏணியை நினைச்சுக்கங்க. நடுவுல விழுற லோடு ரெண்டு காலு வழியா சாய்வா சப்போர்ட்டுக்கு இறங்குது, கீழ கட்டின கயிறுதான் காலு விரியாம பிடிக்குது, அந்தக் கயிறு நம்ம அடிக்கம்பி, முடிச்சு அவுந்தா ஏணி போச்சு. அதனாலதான் ரிங்கை (கம்பிகளைச் சுத்திக் கட்டுற வளையம்) நெருக்கிப் போட்டா ஷியர் (பீமைக் குறுக்கே வெட்டப் பாக்குற விசை) சரியாயிடும்ங்கிற கணக்கு இங்க ஓடாது.

கணக்குக்கு வருவோம். ஒரு சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம், ஸ்பான் 3.6 மீட்டர், டெப்த் 2 மீட்டர், அகலம் 300 மிமீ, ரேஷியோ 1.8. லீவர் ஆர்ம் (மேல அழுத்தத்துக்கும் அடிக்கம்பிக்கும் நடுவுல உள்ள தூரம்) 0.2 இன்ட்டு (ஸ்பான் + 2 டெப்த்), அதாவது 1.52 மீட்டர். அடிக்கம்பி மொத்தமும் கீழ 320 மிமீக்குள்ள (0.25 டெப்த் மைனஸ் 0.05 ஸ்பான்) பரவி இருக்கணும், நடுவுல ஒரு கம்பியைக்கூட கட் பண்ணக் கூடாது.

இப்ப முடிச்சு, அதாவது கம்பி முனையோட பிடிப்பு. பில்லர் முகத்தைத் தாண்டி டெவலப்மென்ட் லென்த்ல (கம்பி உருவாம கான்கிரீட் பிடிக்கத் தேவையான நீளம்) 0.8 பங்கு உள்ள போகணும், எம்25 கிரேடு கான்கிரீட்ல எஃப்இ500 கிரேடு 20 மிமீ கம்பின்னா கிட்டத்தட்ட 780 மிமீ, 450 மிமீ பில்லர்ல நேரா எங்க போகும், மேல வளைச்சு ஏத்தித்தான் ஆகணும். வேளச்சேரி பக்கம் ஒரு சைட்ல சென்ட்ரிங் பலகை மூடப் போற நேரத்துல டார்ச் அடிச்சுப் பாத்தேன், எல்லாக் கம்பியும் பில்லருக்குள்ள ஒரு சாண் போய் மொட்டையா நிக்குது, மேஸ்திரி "ரிங்தான் நெறைய போட்டிருக்கே சார்"ங்கிறாரு! அத்தனையும் பிரிச்சோம்.

பக்கக் கம்பிக்கு கான்கிரீட் சுவருக்கான மினிமம்தான்: கான்கிரீட் வெட்டுப் பரப்புல படுக்கையா 0.2 சதவீதம், நிமிர்ந்து 0.12. அகலம் 200 மிமீ தாண்டினதால ரெண்டு முகத்துலயும் வலை, படுக்கை 8 மிமீ கம்பி 150 மிமீ இடைவெளிக்கு, நிமிர்ந்தது 8 மிமீ 250 மிமீ இடைவெளிக்கு போதும்.

இதெல்லாம் இருந்தா ஷியர் ஓகேன்னு ஐஎஸ் 456 சொல்லுது, ஆனா நான் ஸ்ட்ரட் அண்ட் டை (ஏணிக் காலு, கயிறு மாதிரி விசையைப் பிரிச்சுப் போடுற கணக்கு) ஒரு தடவை கையால போட்டுப் பாக்காம விடமாட்டேன். அமெரிக்க கான்கிரீட் விதிமுறை ஏசிஐ 318ல ஸ்ட்ரட் (ஏணிக் காலு) சாய்வு 25 டிகிரிக்குக் குறையக் கூடாது, நம்மளுது சுமார் 40. ஸ்லாப் பீமோட அடியில தொங்குதுன்னா மட்டும் அந்த லோடை மேல தூக்கத் தனியா ரிங் கணக்கு போடுங்க.