சிங்கப்பூரா, ஜேபியா? கணக்கு போடும்போது எல்லாரும் வழுக்குற இடங்கள்

ஜேபி, அதாவது ஜோகூர் பாருல, எங்க தாமான்ல (குடியிருப்புல) டிப்ளமோ முடிச்ச பிள்ளைங்க வருஷா வருஷம் வந்து கேக்குற கேள்வி ஒண்ணுதான். "அண்ணே, சிங்கப்பூர் போயிடவா, இல்ல ஜேபிலயே இருந்துடவா?" கேக்குறதுக்கு முன்னாடியே போன்ல ஒரு தொகை போட்டு வெச்சிருப்பாங்க, அதப் பாத்தாலே தெரிஞ்சிடும், நாங்க அந்தக் காலத்துல வழுக்குன அதே எடத்துலதான் இவங்களும் கால வைக்கிறாங்கன்னு. சிங்கப்பூருக்குப் போற பாலத்த தாண்டி வேலைக்குப் போய், அங்கயே ரூம் எடுத்துத் தங்கி, இப்ப திரும்பி ஜேபிக்கே வந்துட்டவன் நான். ஏஜென்ட்டுக்கு முன்பணம் குடுக்காத, பாஸ்போர்ட் தேதி பாருங்கிறதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது, அத விட்டுடுறேன்.

ரேட்டால பெருக்கிட்டு அதோட நிறுத்துறது

இதுதான் பெரிய தவறு, இத நெனச்சா இப்பவும் எனக்கு எரிச்சல் வரும்.

உதாரணத்துக்கு, ஜேபி ஃபேக்டரில டெக்னீஷியன் சம்பளம் 3,200 ரிங்கிட்னு வைங்க. சிங்கப்பூர்ல அதே மாதிரி வேலைக்கு வேலை அனுமதியான வொர்க் பெர்மிட்ல 2,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தரேன்றான். ரேட் ஒரு வெள்ளிக்கு 3.2 ரிங்கிட்னு வெச்சா 7,040 ரிங்கிட். "ரெண்டு மடங்குக்கு மேலண்ணே!" அங்கயே கால்குலேட்டர மூடிடுறாங்க.

மூடாதீங்க. இங்க 3,200 சம்பளத்துக்கு முதலாளி தன் பங்கா 13 சதவீதம் ஈபிஎஃப் (இங்கத்த சேமநிதி) கட்டணும், அது மாசம் 416 ரிங்கிட், உங்க கைக்கு வரலன்னாலும் உங்க காசுதான், ஆக 3,616. அந்தப் பக்கம் பெர்மிட்காரனுக்கு சிபிஎஃப், அதாவது அங்கத்த சேமநிதி, கெடையாது. அடுத்தது சாப்பாடும் பஸ்ஸும், அங்க நாளைக்கு 10 வெள்ளி, இங்க சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் 15 ரிங்கிட்னு 26 நாளைக்குக் கழிச்சா அங்க 6,208, இங்க 3,226 நிக்கும். இன்னமும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்குதானேன்னு கேப்பீங்க, இப்ப நேரத்துக்கு வாங்க. விடியக்காலைல 4 மணிக்கு அலாரம், நாலரைக்கு மோட்டார எடுத்து கிளம்புனா சிஐக்யூ (ஜேபி பக்கத்து இமிகிரேஷன் கட்டடம்), அங்கருந்து பாலம், அப்புறம் சிங்கப்பூர் பக்கம் ஊட்லண்ட்ஸ், சாயங்காலம் அதையே திருப்பி. பஸ்ல போறவங்கள சிஐக்யூல போய்ப் பாருங்க, எஸ்கலேட்டர்ல யாரும் நிக்க மாட்டாங்க, பையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஓடுவாங்க, ஏன்னா முன்னாடி இருக்கிற 170ஆம் நம்பர் பஸ்ஸ விட்டா அடுத்த பஸ்ஸுக்கு வரிசை எங்க போய் முடியும்னு சொல்ல முடியாது. போக வர அஞ்சு மணி நேரம் வைங்க, வேலை 9 மணி நேரம், மொத்தம் 14. ஜேபி வேலைக்கு 10. இப்ப மணிக்கு வகுத்தா அங்க 17 ரிங்கிட், இங்க 12.40.

ரெண்டு மடங்குன்னு குதிச்சது மூணுல ஒரு பங்கு கூடுதல்ல வந்து நிக்குது. அதுவும் நல்ல காசுதான், போகாதீங்கன்னு நான் சொல்லல, அந்தக் கூடுதல எதக் குடுத்து வாங்குறோம்னு தெரிஞ்சுக்கிட்டு போங்கன்றேன். அங்கயே ரூம் எடுத்துத் தங்குனா நேரம் மிச்சம், ஆனா வாடகை 800, 900 வெள்ளி போயிடும், மூணு வேளை சாப்பாடும் வெள்ளில, மிஞ்சுறத ரிங்கிட்டா மாத்துனா அம்மா வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு ஜேபில வேலை பாக்குறவன் மிச்சம் புடிக்கிறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

எரிச்சலுக்குக் காரணம் இனிமேதான் வருது. அந்த ரேட் நிலையானது இல்ல. 1973 வரைக்கும் ரெண்டு காசும் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு மாறிக்கிட்டு இருந்துச்சு, 2014 வாக்குல 2.6, 2024 பிப்ரவரில மூணரையையும் தாண்டுச்சு, அப்புறம் எறங்கிடுச்சு. அது உச்சில இருந்தப்போ தெரிஞ்ச தம்பி ஒருத்தன் சிங்கப்பூர் சம்பளத்த 3.55ல பெருக்கி, அந்தத் தொகைய நம்பி புது கார் எடுத்தான், 9 வருஷ லோன், கூடவே ஒரு அபார்ட்மென்ட். நான் படிச்சுப் படிச்சு சொன்னேன், "அண்ணே உங்க காலம் வேற"ன்னுட்டான். 3.55ல இருந்து 3.2க்கு வந்தா 2,200 வெள்ளிக்கு மாசம் 770 ரிங்கிட் காணாம போகும், ஒரு மைவி கார் தவணை. அதக் கூட ஓவர்டைம் பாத்து சமாளிச்சான். அப்புறம் கம்பெனி ஆள் கொறைச்சப்போ பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டாங்க, பெர்மிட் முதலாளியோட கட்டுனது, வேலை போனா அதுவும் போச்சு. திரும்பி வந்து 3,000 சொச்சத்துக்கு வேலைல சேந்தான், ஆனா லோன் மட்டும் 7,800 வாங்குறவனோட லோன். ஈபிஎஃப் கணக்க தொறந்து பாத்தா சிங்கப்பூர்ல இருந்த வருஷம் பூரா ஒரு சென் ஏறல. நாமளே விருப்பப்பட்டு அதுல போடலாம், அது பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களும் அடுத்த மாசத்துலருந்துன்னு தள்ளிக்கிட்டே இருப்பாங்க.

அதனால பெருக்குறதா இருந்தா இன்னிக்கு ரேட்டால பெருக்காதீங்க, 2.8 வெச்சுப் பெருக்குங்க, அதுல கால்வாசிய சேமநிதின்னு ஒதுக்குங்க, மீதில லோன் கட்ட முடியுமான்னு பாருங்க.

மச்சானோட சிங்கப்பூரையும் உங்க சிங்கப்பூரையும் ஒண்ணா நெனைக்கிறது

தீபாவளிக்கு வர்ற மச்சான் சிட்டிசன். அவருக்கு எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீடு, முதலாளி 17 சதவீதம் சிபிஎஃப், மெடிஷீல்டு மருத்துவ இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கு. பெர்மிட்ல போற உங்களுக்கு முதலாளி எடுத்துத் தர்ற மருத்துவ இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரில படுத்தா 60,000 வெள்ளி வரைக்கும், அது சட்டம். காய்ச்சல்னு கிளினிக்குக்கு போனா கம்பெனி தரலன்னா கைக்காசு. இங்க அரசாங்க கிளினிக்ல 1 ரிங்கிட். பிஆர் (நிரந்தரவாசி அந்தஸ்து) வாங்கிடலாம்னா வொர்க் பெர்மிட்ல இருந்துக்கிட்டு அந்த வழில விண்ணப்பிக்கவே முடியாது, அதுக்கு மேல் மட்ட வேலை அனுமதியான எஸ் பாஸ் இல்ல ஈபி வேணும், 2025 செப்டம்பர்லருந்து எஸ் பாஸுக்கே கொறஞ்ச சம்பளம் 3,300 வெள்ளி.

ஒரு ஊரையும் ஒரு நாட்டையும் தராசுல வைக்கிறது

சிங்கப்பூர் 750 சதுர கிலோமீட்டர் கூட கெடையாது, மலேசியா 330,000. கோலாலம்பூரோட, பினாங்கோட ஒப்பிடுங்க. சபா உட்கிராமத்தையும் சேத்த சராசரிய வெச்சு ஒண்ணும் ஆகாது.

கார்

அங்க தேவையில்ல, இங்க இல்லாம முடியாது. செலவுக் கணக்குல எழுதிட்டு அடுத்ததுக்குப் போங்க.

"அங்க தகுதி மட்டும்தாண்ணே பாப்பாங்க"

இந்தப் பேச்சு எங்கருந்து வருதுன்னு தெரியாம இல்ல. இங்க பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேஷன் சீட்ட பூமிபுத்ராவுக்கு 90, மத்தவங்களுக்கு 10ன்னு பிரிச்சு வெச்சு, நல்ல ரிசல்ட் வாங்குன பிள்ளைங்க வெளிய நின்ன கதை ஒவ்வொரு தாமான்லயும் உண்டு, 2024ல தான் பள்ளி இறுதித் தேர்வுல 10 ஏ எடுத்தவங்க எந்த இனமா இருந்தாலும் எடம் உண்டுன்னாங்க. அந்த வலி நிஜம். ஆனா பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் சமம்னு நெனச்சுப் போனா ரூம் தேடுற முதல் வாரத்துலயே தெரிஞ்சிடும், போன்ல நல்லாத்தான் பேசுவாங்க, பேரக் கேட்டதும் ரூம் போயிடுச்சும்பாங்க. எச்டிபி வாங்குனவங்களுக்கும் 1989லருந்து பிளாக்குக்கு பிளாக் இன விகிதம் இருக்கு, சீனர் விகிதம் நெறஞ்ச பிளாக்ல இந்தியர் வீட்ட சீனருக்கு விக்க முடியாதுன்ற நெலமை வரும், அப்ப வாங்க ஆள் கம்மி, வெலையும் எறங்கும். இதையெல்லாம் மீறி அங்க வேலைல முன்னுக்கு வர வழி கூடன்றது என் கருத்து, அத மறைக்கல.

பிள்ளைங்கள கடைசியா யோசிக்கிறது

இங்க தமிழ்ப்பள்ளி, ஆறு வருஷமும் தமிழ்லயே படிக்கலாம். அங்க தமிழ் அரசாங்க மொழி, ஆனா பள்ளில தாய்மொழிப் பாடம் மட்டும்தான், மத்ததெல்லாம் இங்கிலீஷ். எது நல்லதுன்னு வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க. பையனுக்கு உங்க மூலமா பிஆர் வாங்குறதா இருந்தா ரெண்டு வருஷ நேஷனல் சர்வீஸும் (ராணுவம் மாதிரி கட்டாய சேவை) கூடவே வருது, கடிதாசி வந்தப்புறம் அம்மா அழுது பிரயோஜனம் இல்ல. ஜேபில குடியிருந்துக்கிட்டு பிள்ளைய அந்தப் பக்கம் பள்ளிக்கு அனுப்புறவங்களும் இருக்காங்க, விடிய முன்னாடி யூனிஃபார்மோட பஸ்ல தூங்கிக்கிட்டு போற பிள்ளைங்கள நீங்களே பாத்திருப்பீங்க.

உலக ரேங்கிங் லிஸ்ட்

மாமாக் சாப்பாட்டுக் கடைல வாதம் பண்ண நல்லா இருக்கும்.

"ஆர்டிஎஸ் வந்தா எல்லாம் சரியாயிடும்"

ஆர்டிஎஸ்னா ஜேபியையும் சிங்கப்பூரையும் இணைக்கிற ரயில், இந்தப் பக்கம் புக்கிட் சாகார்லருந்து அந்தப் பக்கம் ஊட்லண்ட்ஸ் நார்த், 4 கிலோமீட்டர், ஒரு பக்கத்துக்கு மணிக்கு 10,000 பேர் வரைக்கும் ஏத்தும், ரெண்டு நாட்டு இமிகிரேஷனும் ஏறுற எடத்துலயே முடிஞ்சிடும். பாலத்துல நிக்கிற நேரம் கொறையும், நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். ஆனா ஜேபிக்கு வெளிப்புறம் தெபராவ், மாசாய் பக்கத்துலருந்து காலைல அஞ்சு மணிக்கு புக்கிட் சாகார் வரைக்கும் எப்படிப் போவீங்க, மோட்டார எங்க நிறுத்துவீங்க, அதுக்கு மாசம் எவ்வளவு? இந்த மூணுக்கும் பதில் எழுதிக்கிட்டு வாங்க, அப்புறம் உக்காந்து மீதிக் கணக்கப் போடுவோம்.