வெளிநாட்டுப் பள்ளியில் வசதியற்ற பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தரத் தன்னார்வலராகப் போகிறவர்களுக்கு

போகும் நாட்டைவிட, எந்த அமைப்பு மூலமாகப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பணம் கட்டும் முன் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று கேட்டது பள்ளியா, அமைப்பே முடிவு செய்ததா? நீங்கள் கிளம்பிய பிறகு வகுப்பை யார் எடுப்பார்கள்? நீங்கள் கட்டும் தொகையில் பள்ளிக்குப் போவது எவ்வளவு? குழந்தைப் பாதுகாப்பு விதிகளின் நகல் கிடைக்குமா? காவல்துறை நன்னடத்தைச் சான்றுகூடக் கேட்காமல் "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்கிற இடத்தை விட்டுவிடுங்கள். உங்களை விசாரிக்காமல் உள்ளே விடுகிறவர்கள் மற்றவர்களையும் அப்படித்தான் விடுவார்கள்.

அனாதை இல்லங்களைத் தவிருங்கள். தன்னார்வலர்கள் தரும் பணத்துக்காகவே, பெற்றோர் உள்ள பிள்ளைகளையும் கொண்டுவந்து வைத்திருக்கும் இல்லங்கள் உண்டு. இப்படிப்பட்ட தன்னார்வச் சுற்றுலாவின் தீங்குகளைத் தடுக்கச் சொல்லி ஐ.நா. பொதுச்சபையே 2019-இல் தீர்மானம் நிறைவேற்றியது. பகல் நேரப் பள்ளி, சமூகக் கூடம், அகதிகள் முகாமின் கல்வி மையம் ஆகியவை நல்ல இடங்கள்.

குறைந்தது ஆறு வாரமாவது இருக்க முடிந்தால் பிள்ளைகளுக்கு நேரடியாக எடுங்கள். இரண்டு வாரம்தான் முடியும் என்றால் அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். பிள்ளைகள் பழகி வாய் திறப்பதற்குள் கிளம்பிப் போகிறவரைவிட அது மேல்.

காகித வேலை

சம்பளம் இல்லாத வேலைக்கும் சுற்றுலா விசா செல்லாத நாடுகள் பல. தூதரக இணையதளத்தில் நீங்களே பாருங்கள், அமைப்பு சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். நன்னடத்தைச் சான்று கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம், அதற்குமேல் சில நாடுகள் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்றளிக்கும் அரசு முத்திரை) கேட்கும். தடுப்பூசிக்குக் கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று, போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். காப்பீடு எடுக்கும்போது தன்னார்வப் பணிக்கும் அது பொருந்துமா என்று கேட்டு எடுங்கள்.

என்ன கொண்டுபோவது, எதை அங்கே வாங்குவது

முப்பது பிள்ளைகள், ஒருவருக்கு ஒரு வகுப்பில் 20 மில்லி போஸ்டர் பெயின்ட் என்று வைத்தால் ஒரு வகுப்புக்கு 600 மில்லி. எட்டு வகுப்புக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர். இதை விமானத்தில் சுமப்பதில் அர்த்தமில்லை. அங்கேயே வாங்கினால் எந்தக் கடையில் கிடைக்கும் என்பது பள்ளிக்கும் தெரிந்துவிடும். நீங்கள் மட்டும் கொண்டுவரக்கூடிய விலையுயர்ந்த பொருளை வைத்துப் பாடம் நடத்தினால், நீங்கள் போன மறுநாள் அந்தப் பாடமும் போய்விடும். ஐந்து லிட்டரில் இரண்டு லிட்டர் வெள்ளையாக இருக்கட்டும், முதலில் தீர்வது அதுதான். கறுப்பு கால் லிட்டர் போதும். அதிகம் வைத்தால் எல்லாப் படமும் சாம்பல் நிறமாகிவிடும்.

பெட்டியில் வைக்க வேண்டியவை: பென்சில் சீவிகள், நல்ல கத்தரிக்கோல்கள், நீங்கள் செய்து காட்ட உதவும் உங்கள் சொந்த பிரஷ்கள். கூர்மையான பொருள்களைக் கைப்பையில் வைக்காதீர்கள். டர்பன்டைன், தின்னர், படம் அழியாமலிருக்க மேலே அடிக்கும் ஸ்ப்ரே ஃபிக்ஸேட்டிவ் எல்லாம் எளிதில் தீப்பற்றுபவை, விமானத்தில் எந்தப் பையிலும் கூடாது. எண்ணெய் வண்ணத்தை மறந்துவிடுவதே நல்லது.

பேப்பரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஜெராக்ஸ் பேப்பரில் ஈரப் பெயின்ட் பட்டால் சுருண்டு கிழியும், பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். 150 ஜி.எஸ்.எம். வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அட்டைப் பெட்டிகளை வெட்டி, வெள்ளைப் பெயின்ட் ஒரு கோட் அடித்துக் காயவைத்துக் கொடுங்கள்.

அரிசி, பருப்பு ஒட்டிப் படம் செய்யும் பாடம் வேண்டவே வேண்டாம். ஒருவேளைச் சாப்பாட்டுக்குத் திண்டாடும் வீட்டுப் பிள்ளையிடம் தானியத்தைக் கொடுத்துப் பேப்பரில் ஒட்டச் சொல்வது சரியல்ல. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கையை அழுத்தி அச்சு எடுப்பதும் கூடாது. அது இறுகும்போது வரும் சூடு தோலைச் சுட்டுவிடும்.

வகுப்பறையில்

ஒரு மணி நேர வகுப்பில் செய்து காட்ட எட்டு நிமிடம், வேலைக்கு முப்பத்தைந்து, கழுவித் துடைக்கப் பன்னிரண்டு, சுவரில் மாட்டிப் பார்க்க ஐந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள். கழுவும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. அடுத்த ஆசிரியர் கதவருகே வந்து நிற்பார், தரையெல்லாம் பெயின்டாக இருக்கும், மறுவாரம் தலைமையாசிரியர் அந்த அறையைத் தர மாட்டார்.

ஐந்து பேருக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு டப்பாத் தண்ணீர், ஒன்று பிரஷ் அலச, ஒன்று சுத்தமானது. அரை லிட்டர் டப்பா என்றால் ஆறு குழுவுக்கு ஆறு லிட்டர். இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் பதினெட்டு லிட்டர் தயாராக இருக்கட்டும். குழாய் இல்லாத பள்ளியில் இந்தத் தண்ணீரை யார் சுமந்து வருகிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். அது பிள்ளைகளின் குடிதண்ணீராக இருந்தால் அன்றைக்குக் கிரேயான் பாடம்தான். படங்களைக் காயப்போட ஒரு கயிறும் கிளிப்புகளும் வேண்டும். ஏ3 தாளைக் குறுகிய பக்கம் மேலே வரும்படி தொங்கவிட்டால் முப்பது படத்துக்கு ஒன்பது மீட்டர், இடைவெளியும் சேர்த்துப் பத்தரை.

முதல் வாரம் வண்ணக் கலவை. வகுப்புக்கு முந்தின நாளே கலந்து பாருங்கள். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று சொல்லிவிட்டுக் கலந்தால், மலிவான பெயின்டில் பெரும்பாலும் சேற்று நிறம்தான் வரும். அந்தச் சிவப்பில் மஞ்சள் சாயல் இருப்பதே காரணம். அந்தச் சிவப்புக்குப் பதில் மெஜந்தா (நீலச் சாயலுள்ள அடர் இளஞ்சிவப்பு) வாங்கிக் கலந்தால் ஊதா பளிச்சென்று வரும்.

பிள்ளையின் தாளில் உங்கள் கை படக்கூடாது. திருத்த வேண்டியதைத் தனித் தாளில் வரைந்து காட்டி, அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிடுங்கள், வைத்திருந்தால் அதைப் பார்த்து அப்படியே வரைவார்கள். ஒன்பது, பத்து வயதில் பல பிள்ளைகள் "எனக்கு வராது" என்று பென்சிலைக் கீழே வைப்பார்கள், ஏனென்றால் அந்த வயதில்தான் கண்ணால் பார்ப்பதும் தாளில் வருவதும் ஒன்றாக இல்லை என்று உறைக்கிறது. தைரியம் சொல்வதைவிட ஒரு வேலை கொடுப்பது உதவும். ஒரு செருப்பை மேசையில் வைத்து, தாளையே பார்க்காமல் ஓரக்கோட்டை மட்டும் ஒரே இழுப்பில் வரையச் சொல்லுங்கள். எல்லாருடையதும் கோணலாகத்தான் வரும், வகுப்பே சிரிக்கும். பயம் அதில் போய்விடும்.

"இது என்ன?" என்று கேட்காதீர்கள், "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று கேளுங்கள். போரிலிருந்தோ வெள்ளத்திலிருந்தோ தப்பி வந்த பிள்ளைகளிடம் "நடந்ததை வரை" என்று சொல்லாதீர்கள். அதைத் தாங்கிப் பேசப் பயிற்சி பெற்றவர்கள் வேறு. பிள்ளை தானாக அப்படி வரைந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், பள்ளியில் பொறுப்பானவரிடம் சொல்லுங்கள்.

எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். முகம் தெரியும் படம் எடுக்காதீர்கள். கைகளையும் தாளையும் எடுப்பதற்கும் பள்ளியிடம் அனுமதி கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் பரிசு கொடுப்பது வகுப்பைக் கெடுத்துவிடும்.

கைமாற்றிக் கொடுப்பது

கடைசி இரண்டு வாரம் வகுப்பை உள்ளூர் ஆசிரியர் எடுக்கட்டும், நீங்கள் தண்ணீர் மாற்றுங்கள். ஒவ்வொரு பாடத்தையும் அவர் மொழியில் ஒரு பக்க அட்டையாக எழுதிவைக்கச் செய்யுங்கள்: பொருள், அளவு, வாங்கிய கடை, தவறினால் என்ன செய்வது. பிரஷ்களைத் தண்ணீரில் நிற்கவிட்டால் முடி வளைந்து தகரப்பட்டை கழன்றுவிடும், கழுவிப் படுக்கவைத்துக் காயவைக்க வேண்டும் என்பதையும் அட்டையில் சேருங்கள். மிச்சப் பெயின்ட் டப்பாக்களின் விளிம்பைத் துடைத்த பிறகே மூடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை மூடியைத் திறக்க முடியாது.