ஜோகன்னஸ்பர்க் வருகிறீர்களா? விறகை ஒரு வருஷம் முன்னாலேயே வாங்கிப் போடுங்கள்

ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று ஸ்வெட்டர்கூட இல்லாமல் வந்து இறங்குகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் குன்னூரைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. ஜூன், ஜூலை விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெளியே குளிர்கிறது, வீட்டுக்குள் போனால் சரியாகிவிடும் என்ற கதையும் இங்கே கிடையாது, பெரும்பாலான வீடுகளில் சுடவைக்கும் வசதி எதுவும் இல்லை, தரை முழுக்க டைல்ஸ், கதவிடுக்கில் காற்று. வாடகை வீட்டில் ஒரு கணப்படுப்பு இருந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு விறகு வேண்டும், காய்ந்த விறகு வேண்டும். எல்லாரும் கோட்டை விடுவது அந்த இடத்தில்தான்.

நானும் விட்டேன். வந்த முதல் வருஷம் குளிர் தொடங்கிய பிறகுதான் விறகு ஞாபகம் வந்தது. சாலையோரத்தில் ஒரு பக்கி நிறைய (பின்னால் திறந்த சின்ன வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) விறகு விற்றார்கள், காய்ந்ததுதான் என்று சொன்னார்கள், நம்பி இறக்கிக்கொண்டேன். அடுப்பில் வைத்தால் கட்டையின் நுனியில் நுரை கட்டி, சொய்ங் என்று சத்தம் போட்டு, கூடம் முழுக்கப் புகை. என் மகளுக்கு அப்போது மூன்று வயது, இரண்டு நாள் இருமினாள். பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீராக இருக்கலாம், அதைக் கொதிக்கவைத்து வெளியேற்றவே சூடு போய்விடும், நமக்கு மிஞ்சுவது புகைதான். அந்தப் புகை, புகைபோக்கிக் குழாய்க்குள் ஏறிக் குளிர்ந்து தார் போலப் படியும், அது சேர்ந்துகொண்டே போனால் ஒருநாள் குழாயே தீப்பிடிக்கும். குழாயை வருஷத்துக்கு ஒருமுறை ஆள்விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

சரி, எப்போது வாங்குவது? ஊரில் நமக்குப் பழகிய கணக்கு, சித்திரை வைகாசி வெயிலில் காயவைத்து ஐப்பசி மழைக்கு முன் உள்ளே அடுக்குவது. அந்தக் கணக்கை இங்கே அப்படியே தலைகீழாக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் மழை வருவது கோடையில், ஏறக்குறைய அக்டோபர் முதல் மார்ச் வரை, சாயங்காலமானால் இடியும் ஆலங்கட்டியுமாகக் கொட்டும். குளிர்காலத்தில் சொட்டு மழை இருக்காது, உதடு வெடிக்கும் அளவுக்குக் காற்று வறண்டுவிடும். விறகு காய்வது அந்தக் குளிர்காலத்தில்தான். அதாவது நமக்கு விறகு தேவைப்படுகிற அதே மாதங்களில். அதனால் இந்த ஏப்ரலில் வாங்கிப் பிளந்து அடுக்குவது அடுத்த வருஷ ஜூனுக்கு. முதல் வருஷம் மட்டும் வேறு வழியில்லை, கூடுதல் விலை கொடுத்துக் காய்ந்ததாகப் பார்த்து மூட்டையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்த்து வாங்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இங்கே இந்தியர்கள் நிறைய வாழும் லெனேசியா பகுதியில் இருக்கும் ஒரு தாத்தா, டர்பனில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் அவருக்குச் சில சொற்களும் தேவாரத்தில் சில வரிகளும்தான். விறகைப் பற்றி மட்டும் அவரிடம் மணிக்கணக்கில் கேட்கலாம், கல்யாணங்களுக்குப் பெரிய பாத்திரத்தில் விறகடுப்பில் பிரியாணி இறக்கிய கை அது. இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். ஒரு ஜோடி கணீர் என்றது, இன்னொரு ஜோடி தொப் என்று ஈரத்துணியை அடித்தது போல. பிறகு வெட்டுவாயைத் திருப்பி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சக்கர ஆரம் மாதிரி ஓடிய வெடிப்புகளை நகத்தால் கீறிக் காட்டினார். பட்டை கையோடு உரிந்து வந்தால் இன்னும் நல்லது. எனக்கு அதிலும் சந்தேகம் தீரவில்லை, அதனால் ஒரு கட்டையில் குறி போட்டு வாரம் ஒருமுறை தராசில் வைத்தேன், எடை குறைவது நின்றபோது அது காய்ந்துவிட்டது.

என்ன மரம் என்றால், முதலில் வாட்டில். நீலகிரிப் பக்கத்தில் சீகை மரம் என்பார்களே, அதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்த மரம், இன்று ஓடைக்கரையெல்லாம் பரவித் தண்ணீரை உறிஞ்சுகிறது. அதை வெட்டி அகற்ற அரசாங்கம் 1995 முதல் தனித் திட்டமே நடத்துகிறது, அதனால் மனசாட்சி உறுத்தாமல் எரிக்கலாம். தைல மரமும் நன்றாக எரியும், ஆனால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள், காய்ந்தால் முறுக்கேறி ஆப்பு வைத்தாலும் அசையாது. செகல்போஸ் என்று விற்பது நம் ஊர் விடத்தேர் மரம், கங்கு நெடுநேரம் நிற்கும், பிராய் (கங்கில் இறைச்சி சுடுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) போடுபவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். கமீல்டோரிங் அதைவிடவும் நிற்கும், ஆனால் அது 1998ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட மரம், அனுமதியில்லாமல் வெட்டுவது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம்.

தம்போட்டி மரத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். பிச்சாவரத்தில் கண்ணைப் பறிக்கும் பால் உள்ள தில்லை மரம் இருக்கிறதே, அந்தக் குடும்பம். அதன் புகையில் சுட்ட இறைச்சி வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். பச்சைச் சாயல் ஏறிய வேலிக்கம்பங்களையும் எரிக்கக் கூடாது, அவை ஆர்செனிக் கலந்த மருந்தில் ஊறியவை.

அடுக்கும்போது முதலில் இடம். இங்கே குளிர்காலச் சூரியன் வடக்குப் பக்கமாகவே போகும், ஆகவே வடக்கு பார்த்த இடத்தில் அடுக்குங்கள், தெற்குச் சுவரோரம் வைத்தால் பாசிதான் பிடிக்கும். கட்டைகளை மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் இரண்டு கழி போட்டு, காற்றுப் புகும்படி நெருக்காமல் வையுங்கள். மேலே மட்டும் தகரம், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். தார்ப்பாயால் தலைமுதல் கால்வரை மூடுவதுதான் நம்மவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வீட்டுச் சுவரை ஒட்டியும் வேண்டாம், கறையான் அப்படியே கதவு நிலைக்கு ஏறும். கட்டை எடுக்கும்போது கையுறை போட்டு, முதலில் ஒரு குச்சியால் தட்டுங்கள். தேள் இருக்கும், கண்ணைப் பார்த்து விஷம் பீய்ச்சும் ரிங்கால்ஸ் பாம்பும் இந்தப் பீடபூமியில் உண்டு.

வேறு ஊரிலிருந்து விறகு ஏற்றி வராதீர்கள். இலங்கைத் தேயிலைச் செடியைத் துளைக்கும் வண்டின் நெருங்கிய இனம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், 2017இல் இந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது, இன்று ஜோகன்னஸ்பர்க்கின் நிழல்சாலை மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. அது ஊர்விட்டு ஊர் போவது விறகோடுதான். (கேப் டவுனில் இருப்பவர்களுக்கு: உங்களுக்கு மழை குளிர்காலத்தில், கோடையிலேயே காயவைத்து உள்ளே எடுத்துவிடுங்கள். டர்பனில் ஈரக்காற்று, அங்கே கூரையில்லாமல் விறகு தேறாது.)

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன், குளிருகிறது என்று தகர டின்னில் கங்கு அள்ளிப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள். இம்பாவுலா என்று இங்கே சொல்லும் அந்தத் தகர அடுப்பு வெளியில் வைப்பதற்கு. புகை நின்ற பிறகும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும், வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிச் சாவுகள் நடக்கின்றன.

குளிர் முடிந்து விறகு மிஞ்சினால் எல்லாவற்றையும் வெளியே விடாமல், ஒரு சாக்கு சுள்ளியும் சிறு கட்டையும் கராஜுக்குள் எடுத்து வையுங்கள். பொங்கல் இங்கே நட்ட நடு மழைக்காலத்தில் வரும்.